புழு இல்லாத இடத்தில் புழுவின் பெயர்: ‘வெர்மிஃபார்ம்’ என்னும் சொல்லைப் பற்றி

குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும், அதன்பின் வரும் திசு ஆய்வு அறிக்கையிலும் ‘வெர்மிஃபார்ம் அப்பெண்டிக்ஸ்’ என்ற தொடர் இடம்பெற்றிருக்கும். மருத்துவர்களுக்கு இது அன்றாடம் பழகிய சொல். ஆயினும், அறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பத்தாருக்கு இது எத்தகைய அச்சத்தையும் குழப்பத்தையும் தரக்கூடும் என்பதை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு தாயார்.

அவருடைய பன்னிரண்டு வயது மகன் எங்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் எட்டு நாட்கள் தங்கியிருந்து குணமடைந்தான். வீட்டுக்குப் புறப்படும் நாளில் அந்தத் தாயார் செவிலியரைத் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “சிஸ்டர், புழுவை எல்லாம் எடுத்துட்டாங்களா? மறுபடியும் வராதே?”

கல்லூரியில் படிக்கும் மூத்த மகள் அறிக்கையிலிருந்த சொல்லுக்குக் கைப்பேசியில் பொருள் தேடி, ‘புழு’ என்று வந்ததைத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். தாயாருக்கு அதில் வியப்பேதும் ஏற்படவில்லை. மகனுக்கு வயிற்றுவலி தொடங்கிய நாளிலேயே, “வயித்துல பூச்சி இருக்கும்” என்றுதான் வீட்டில் அனைவரும் கருதினர். முதல் நாள் இரவு பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சலுடன் எங்களிடம் அழைத்து வந்தபோது குடல்வால் வெடித்திருந்தது. இப்போது அறிக்கையிலும் ‘புழு’ என்ற பொருளுடைய சொல் இருக்கவே, தாங்கள் எண்ணியது சரிதான் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள்.

அந்தத் தாயாரைக் குறை கூறுவதற்காக இதை நாங்கள் எழுதவில்லை. அவர் கேட்ட கேள்வி மிக நியாயமானது. அதற்குரிய விடையை எல்லா வாசகர்களுக்கும் விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

‘வெர்மிஃபார்ம்’ என்பது இரண்டு இலத்தீன் சொற்களின் சேர்க்கை. ‘வெர்மிஸ்’ என்றால் புழு. ‘ஃபோர்மா’ என்றால் வடிவம். இரண்டும் சேரும்போது ‘புழுவின் வடிவுடையது’ என்று பொருள்படும். ‘புழு உள்ளது’ என்றோ, ‘புழுவால் உண்டானது’ என்றோ அதற்குப் பொருள் இல்லை. அது வடிவத்தை மட்டும் சொல்லும் அடைமொழி.

இச்சொல்லின் பிற்பகுதி நமக்கு நன்கு அறிமுகமானதே. பள்ளிப் பிள்ளைகள் அணியும் ‘யூனிஃபார்ம்’ அதே ‘ஃபோர்மா’வைக் கொண்டு அமைந்தது. ‘யூனுஸ்’ என்றால் ஒன்று. எனவே ‘யூனிஃபார்ம்’ என்றால் ஒரே வடிவம். அதைத்தான் நாம் சீருடை என்கிறோம்.

முற்பகுதியும் நம் சமையலறையில் உண்டு. சேமியாப் பொட்டலத்தின் மேல் ‘வெர்மிசெல்லி’ என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது இத்தாலிய மொழிச் சொல். அந்த மொழி இலத்தீனிலிருந்து பிறந்தது. ‘வெர்மிசெல்லி’ என்பதன் நேர்ப்பொருள் ‘சிறு புழுக்கள்’ என்பதாகும். மெல்லியதாக, நீண்டு, வளைந்து கிடப்பதால் அப்பெயர் வந்தது. பாயசத்தில் இடும் சேமியாவில் புழு இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை. குடல்வாலின் பெயரையும் அவ்வாறே கொள்ள வேண்டும்.

அடுத்த சொல்லான ‘அப்பெண்டிக்ஸ்’ என்பதும் இலத்தீனே. ‘ஒன்றன்மேல் தொங்கவிடுதல்’ என்னும் பொருளுடைய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்றோடு சேர்ந்து தொங்குவது, இணைப்பு என்பது அதன் பொருள். நூலின் இறுதியில் சேர்க்கப்படும் பின்னிணைப்புக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் வழங்குகிறது. ஆகவே முழுத்தொடரையும் ‘புழு வடிவில் தொங்கும் இணைப்பு’ என்று தமிழில் சொல்லலாம். நம்மவர்கள் அதே உறுப்பைப் பார்த்து ‘குடல்வால்’ என்று பெயரிட்டார்கள். ஒரு மொழியினர் புழுவை நினைத்தார்கள். மற்றொரு மொழியினர் வாலை நினைத்தார்கள். இரண்டும் ஒரே உறுப்பின் தோற்றத்தைக் குறிப்பவைதாம்.

பெயர் வைத்தவர்கள் கண்டது என்ன?

நம் வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிறது. அத்தொடக்கத்தில் ஒரு பை போன்ற பகுதி உண்டு. அதற்கு ‘சீக்கம்’ என்று பெயர். ‘குருடானது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு பக்கம் மூடியிருப்பதால் அப்பெயர். தமிழில் குருட்டுக்குடல் என்பதும் அதன் மொழிபெயர்ப்பே. அந்தப் பையிலிருந்து ஒரு குறுகிய குழாய் தொங்குகிறது. அதுவே குடல்வால். பெரும்பாலோருக்கு அதன் நீளம் 6 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். கனம் ஒரு பென்சிலை ஒத்திருக்கும்.

இத்தாலிய உடற்கூற்றியலாளர் பெரெங்காரியோ தா கார்ப்பி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வுறுப்பை எழுத்தில் விவரித்தார். அதற்கு முன்பே லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் இதை வரைந்திருந்தார். ஆயினும் அக்குறிப்பேடுகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1543இல் வெளிவந்த ஆந்திரேயாஸ் வெசாலியசின் உடற்கூற்று நூலில் இவ்வுறுப்பின் படம் இடம்பெற்றது. பிணத்தை அறுத்து உறுப்புகளை ஆராய்ந்த அக்கால அறிஞர்களிடம் நுண்ணோக்கி இல்லை, ஸ்கேன் இல்லை. உறுப்பின் பணி என்னவென்றும் அவர்களுக்குத் தெரியாது. கண்ணால் கண்ட வடிவத்தை, தங்களுக்குத் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு, அறிஞர்களின் பொதுமொழியாக இருந்த இலத்தீனில் பெயரிட்டார்கள். மண்புழுவைப் போல் சுருண்டு கிடந்த குழாய் ‘புழு வடிவுடையது’ ஆயிற்று.

பெயர் தவறான இடத்தைக் காட்டியபோது

பெயரால் ஏமாறுவது பொதுமக்கள் மட்டும் அல்லர். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அவ்வாறு ஏமாந்திருக்கிறது.

இலண்டனில் 1735ஆம் ஆண்டில் கிளாடியஸ் அம்யண்ட் என்னும் அறுவை மருத்துவர், 11 வயதுச் சிறுவனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்தார். அப்போது இறங்கியிருந்த பகுதிக்குள் குடல்வால் இருப்பதையும், அவன் விழுங்கிய குண்டூசி ஒன்று அதைத் துளைத்திருப்பதையும் கண்டு, குடல்வாலை அகற்றினார். பதிவில் உள்ள முதல் குடல்வால் அகற்றல் அதுவே. சிறுவன் பிழைத்தான்.

ஆயினும் அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகியும், வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் சீழ் பிடித்து நோயாளிகள் இறப்பதற்குக் குருட்டுக்குடலின் அழற்சியே காரணம் என்று மருத்துவர்களுள் பெரும்பாலோர் கருதினர். நோய்க்கு அவர்கள் இட்ட பெயரும் அதையே குறித்தது. பெயர் குருட்டுக்குடலைச் சுட்டியதால், கவனம் அதன்மேலேயே நின்றது. அருகில் தொங்கிய சிறு குழாய் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

1886இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த நோய்க்கூற்றியல் பேராசிரியர் ரெஜினால்டு ஃபிட்ஸ், இறந்தவர்களின் உடல்களில் கண்டவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, நோயின் இருப்பிடம் குடல்வாலே என்று நிறுவினார். ‘அப்பெண்டிசைடிஸ்’ என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டு வந்தவரும் அவரே. இலத்தீன் பெயரோடு, அழற்சியைக் குறிக்கும் ‘ஐடிஸ்’ என்னும் கிரேக்க விகுதியைச் சேர்த்து அமைத்த சொல் அது. காலம் தாழ்த்தாமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். பெயர் சரியான உறுப்பைச் சுட்டிய பிறகே சிகிச்சையும் சரியான இடத்துக்குச் சென்றது.

1902இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஜூன் 26ஆம் நாள் நடைபெறுவதாக இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் மன்னருக்குக் குடல்வால் சீழ்க்கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் என்னும் மருத்துவர் சீழை வெளியேற்றினார். ஒத்திவைக்கப்பட்ட விழா ஆகஸ்டு 9ஆம் நாள் நடந்தது. விழாவைவிட சிகிச்சையே முந்த வேண்டும் என்பதை அந்த நிகழ்ச்சி உலகறியச் செய்தது.

அழற்சி எவ்வாறு உண்டாகிறது?

குடல்வால் ஒரு முட்டுச்சந்து போன்றது. உள்ளே செல்ல வழி உண்டு. மறுமுனையில் வெளியேற வழி இல்லை. கெட்டிப்பட்ட மலத்துணுக்கோ, வீங்கிய நிணநீர்த் திசுவோ அதன் குறுகிய வாயை அடைத்துவிட்டால், உள்ளே சுரக்கும் நீர் தேங்குகிறது. அழுத்தம் ஏறுகிறது. சுவருக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. உள்ளே உள்ள நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. சுவர் வீங்கி, அழுகி, இறுதியில் வெடிக்கக்கூடும். வெடித்தால் சீழ் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்து விளையும்.

குடற்புழுக்களுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அகற்றப்பட்ட குடல்வாலுக்குள் சில வேளைகளில் நூல்புழு காணப்படுவது உண்டு. ஆனால் குடல்வால் அழற்சிக்கு அது வழக்கமான காரணம் அன்று. இவ்வுறுப்பின் பெயரும் அதனால் வந்தது அன்று. குடற்புழு நீக்கம் தேவையானதே. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தவறாமல் கொடுங்கள். ஆனால் அது குடல்வால் அழற்சிக்கு மருந்தாகாது. கடும் வயிற்றுவலி உள்ள வேளையில் அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, சிகிச்சைக்குரிய பொன்னான நேரத்தை இழப்பதாகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குடல்வால் அழற்சியின் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்குகிறது. குடல்வாலிலிருந்து செல்லும் நரம்புகளும் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகளும் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே மட்டத்தைச் சென்றடைவதால், மூளை அவ்வலியைத் தொப்புள் வலியாக உணர்கிறது. “பூச்சி கடிக்கிறது” என்று நாம் எண்ணுவதும் இந்தக் கட்டத்தில்தான். சில மணி நேரம் கழித்து, அழற்சி வயிற்றின் உள்ளுறையைத் தொடும்போது, வலி வலப்பக்கக் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்து அங்கேயே நிலைக்கிறது.

பசியின்மை, குமட்டல், வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவை உடன் வரலாம். இருமினாலும், நடந்தாலும், வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினாலும் வலி மிகும். குழந்தை குனிந்தபடி நடப்பதும், வலக்காலை மடக்கிக்கொண்டு படுப்பதும் கவனிக்கத்தக்க அறிகுறிகள். சிறு குழந்தைகள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் இவ்வரிசை மாறியிருக்கலாம். குடல்வாலின் நுனி சிலருக்குப் பெருங்குடலின் பின்புறமும், சிலருக்கு இடுப்புக்குழியிலும் இருப்பதால் வலிக்கும் இடமும் மாறக்கூடும்.

இத்தகைய வலி இருக்கும்போது விளக்கெண்ணெய், பேதி மருந்து, எனிமா ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள். குடலின் அசைவை இவை மிகுவிப்பதால் வீங்கிய குடல்வால் வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடுப்பதைத் தவிருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கு வெறும் வயிறு நல்லது. சில மணி நேரத்திற்கு மேல் வலி நீடித்தாலோ, வலி வலப்பக்கம் நகர்ந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வாகன வசதி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். கடுமையாக இருந்த வலி திடீரெனக் குறைந்தால், குணமாகிவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். குடல்வால் வெடிக்கும்போது அழுத்தம் தணிந்து வலி சற்று நேரம் குறைவது உண்டு. பின்னர் வயிறு முழுவதும் வலி பரவி, காய்ச்சல் ஏறும். அந்தச் சிறுவனின் வீட்டிலும் இரண்டாம் நாள் மாலை வலி குறைந்தது. மருந்து வேலை செய்துவிட்டதாக எண்ணி அனைவரும் நிம்மதியடைந்தார்கள்.

உரிய நேரத்தில் வந்தால் சிகிச்சை எளிது. பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியே குடல்வாலை அகற்றிவிடலாம். வெடிக்காத நிலையில் உள்ள சிலருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டுமே கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்படும். எது பொருத்தம் என்பதை ஸ்கேன் முடிவையும் நோயாளியின் நிலையையும் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். குடல்வால் இல்லாமல் அன்றாட வாழ்வுக்கு எந்தக் குறையும் நேராது.

அறிக்கையில் வேறு வடிவச் சொற்கள்

‘ஃபார்ம்’ என்று முடியும் சொற்கள் மருத்துவ அறிக்கைகளில் பல உண்டு. மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் உள்ள சிறு எலும்பு ‘பிசிஃபார்ம்’. ‘பட்டாணி வடிவுடையது’ என்று பொருள். பாதத்தில் உள்ள மூன்று எலும்புகள் ‘கியூனிஃபார்ம்’, ஆப்பு வடிவுடையவை. மூக்கின் மேற்புறம், வாசனை நரம்புகள் நுழையும் துளைகள் நிறைந்த எலும்புத்தட்டு ‘கிரிப்ரிஃபார்ம்’, சல்லடை வடிவுடையது. சிறுமூளையின் நடுப்பகுதிக்கு ‘வெர்மிஸ்’ என்றே பெயர். மூளை ஸ்கேன் அறிக்கையில் அச்சொல்லைக் கண்டு மூளையில் புழு இருப்பதாக அஞ்ச வேண்டியதில்லை.

இவை யாவும் இயல்பான உறுப்புகளின் பெயர்கள். சில சொற்களோ மாறிய வடிவத்தைக் குறிக்கும். ‘ஃபியூசிஃபார்ம்’ என்றால் நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இருமுனையும் சிறுத்தது என்று பொருள். இரத்தக்குழாய் அவ்வாறு வீங்கியிருப்பதாக அறிக்கை சொன்னால், அது எந்தக் குழாய், எத்தனை செ.மீ. அகலம், முன்பைவிட வளர்ந்திருக்கிறதா என்பவையே முதன்மையானவை. ‘கிரிப்ரிஃபார்ம்’ என்ற சொல்லும் எலும்பைக் குறிக்காமல் புற்றுநோய்த் திசு ஆய்வு அறிக்கையில் வந்தால், அங்கே செல்கள் அமைந்துள்ள விதத்தைக் குறிக்கும். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஒரே சொல் ஓரிடத்தில் வெறும் பெயராகவும், வேறோரிடத்தில் முக்கியச் செய்தியாகவும் அமையலாம். அகராதிப் பொருள் மட்டும் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே, இத்தகைய சொல்லைக் காணும்போது மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இச்சொல் எந்த உறுப்பைப் பற்றியது? இது அதன் இயல்பான வடிவமா, மாறிய வடிவமா? அளவு ஏதேனும் குறிக்கப்பட்டுள்ளதா? இதற்காக நாங்கள் இனிச் செய்ய வேண்டியது என்ன? இக்கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். விளக்கம் தருவது எங்கள் கடமை.

அந்தத் தாயாருக்குச் செவிலியர் ஒரு தாளில் குடலையும் அதில் தொங்கும் சிறு வாலையும் வரைந்து காட்டினார். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாயார், “அப்போ நான் பூச்சிக்குக் கொடுத்ததாலதான் இவ்வளவு ஆச்சா?” என்று கேட்டார். விளக்கெண்ணெய் கொடுக்காமல் முதல் நாளே அழைத்து வந்திருந்தால் விரைவில் குணமாகியிருக்க வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். மூன்றாம் நாளாவது தாமதிக்காமல் அழைத்து வந்ததால்தான் மகன் பிழைத்தான் என்பதையும் சொன்னார். இரண்டும் உண்மை. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகக் கூறி, அந்தத் தாளை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார் அந்தத் தாயார்.

உங்கள் அறிக்கையில் புரியாத சொல் இருந்தால் அதை அடிக்கோடிட்டு, அடுத்த முறை வரும்போது மறவாமல் கொண்டு வாருங்கள்.